பேக்கேஜ் கட்டத் தொடங்கும் மடத்துக்குளத்து இளைஞர்களுக்கு

லினக்ஸில் ஒரு கோப்பு எந்த அடைவில் இருக்கிறது என்பதைப் பார்த்தாலே அதற்கு யார் பொறுப்பு என்று சொல்லிவிடலாம். /யுஎஸ்ஆர் அடைவு பேக்கேஜ் மேலாளருக்கு உரியது; டெபியனில் அது டிபிகேஜி, ஃபெடோராவில் ஆர்பிஎம். /யுஎஸ்ஆர்/லோக்கல் அந்தக் கணினியைப் பராமரிப்பவருக்கு உரியது. வெளி நிறுவனங்கள் தங்கள் மென்பொருளை ஒரே கட்டாக வைக்க /ஆப்ட், அமைப்புக் கோப்புகளுக்கு /ஈடிசி, ஓடும்போது மாறிக்கொண்டே இருக்கும் தரவுக்கு /வார். லினக்ஸுக்கு இத்தகைய எல்லைகளை வகுத்த ஆவணம் 1994 பிப்ரவரியில் எஃப்எஸ்எஸ்டிஎன்டி என்ற பெயரில் முதலில் வெளிவந்தது. பிறகு அந்த ஆவணம் எஃப்எச்எஸ் என்று பெயர் மாறியது, அதன் 3.0 பதிப்பு 2015 ஜூனில் வெளிவந்தது. பேக்கேஜ் கட்டப் பழகுபவர் எந்தக் கருவியையும் தொடுவதற்கு முன் அதை ஒருமுறை முழுதாகப் படித்துவிட வேண்டும். பில்ட் உடையும்போது வெளிப்படும் பிழைகளில் பல, கிளறிப் பார்த்தால், பாதைப் பிழைகள்தான்.

உடுமலைக்கும் பழனிக்கும் நடுவே இருக்கும் மடத்துக்குளத்துக்கு லினக்ஸ் புதிதல்ல. 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் நிறுவித் தரப்பட்டது. பாஸ், சென்னை சி-டாக் டெபியனை அடித்தளமாகக் கொண்டு உருவாக்கியது. ஆகவே டெபியனின் அடைவு ஒழுங்கு, பெயர் தெரியாமலேயே, இந்தப் பகுதியின் பல வீடுகளுக்குள் வந்து சேர்ந்துவிட்டது. அதைப் பயன்படுத்தத் தக்க ஆடைத் தொழிலும் சுற்றிலும் இருக்கிறது.

எம்பிராய்டரியை எடுத்துக்கொள்ளலாம். இங்க்ஸ்டிச் என்பது இங்க்ஸ்கேப் வரைகலை மென்பொருளோடு இணைந்து இயங்கும் இலவச நீட்சி. வரைபடத்தைத் தையலாக மாற்றி, எம்பிராய்டரி எந்திரங்கள் படிக்கும் டிஎஸ்டி கோப்பாகத் தருகிறது. இங்க்ஸ்கேப் தன் நீட்சிகளை இரண்டு இடங்களில் தேடும். ஒன்று, /யுஎஸ்ஆர்/ஷேர்/இங்க்ஸ்கேப் அடைவுக்குள். மற்றது, பயனரின் வீட்டு அடைவில் மறைந்திருக்கும் கான்ஃபிக் அடைவுக்குள். இங்க்ஸ்கேப்பை ஃபிளாட்பேக்காக நிறுவியிருந்தால் இந்த இரண்டாவது இடம் வேறாகிவிடும். ஒவ்வொரு ஃபிளாட்பேக் செயலிக்கும் வீட்டு அடைவில் தனி இடம் ஒதுக்கப்படுகிறது. நீட்சி சரியாக நிறுவப்பட்டும் மெனுவில் தெரியவில்லை என்றால் நிரலைக் குறை சொல்வதற்கு முன், எந்த இங்க்ஸ்கேப், அது எங்கே தேடுகிறது என்று பார்க்க வேண்டும்.

லேபிள் அச்சடிக்கும் பார்கோடு பிரிண்டரின் கதை வேறு. லினக்ஸின் அச்சு அமைப்பான கப்ஸ், தன் ஃபில்டர் நிரல்களை /யுஎஸ்ஆர்/லிப்/கப்ஸ்/ஃபில்டரில் எதிர்பார்க்கிறது. ஃபெடோரா மற்ற 64 பிட் லைப்ரரிகளை லிப்64 அடைவில் வைத்தாலும், கப்ஸ் ஃபில்டர்களுக்கு அந்த மாற்றம் கிடையாது. கோப்பின் உரிமையாளர் ரூட் ஆக இருக்க வேண்டும். மற்றவர் எழுதும் அனுமதி இருந்தால் கப்ஸ் அந்த ஃபில்டரை இயக்க மறுக்கும். டிரைவரைக் கையால் நகலெடுத்து வைப்பவர்கள் தடுக்கி விழும் இடம் இதுவே. ஒழுங்காகக் கட்டிய பேக்கேஜ் இந்த அனுமதிகளைத் தானே சரியாக அமைத்துவிடும். பேக்கேஜ் கட்டுவதன் பயன் இங்கே கண்கூடு.

பிரிஃபிக்ஸ், டெஸ்ட்டிர் ஆகிய இரண்டையும் தொடக்கத்தில் எல்லோரும் குழப்பிக்கொள்கிறார்கள். பிரிஃபிக்ஸ் என்பது மென்பொருள் கடைசியில் வாழப்போகும் இடம். டெஸ்ட்டிர் என்பது கட்டும் நேரத்தில் கோப்புகளைத் தற்காலிகமாக இறக்கிவைக்கும் இடம். ஏற்றுமதி அட்டைப்பெட்டி திருப்பூர் கோடவுனில் அடுக்கியிருந்தாலும் அதன்மேல் ஒட்டியிருப்பது வாங்குபவரின் முகவரிதான். கோடவுன் முகவரியை ஒட்டினால் சரக்கு போய்ச் சேராது. மேக்ஃபைல் டெஸ்ட்டிரை மதிக்கவில்லை என்பதற்காக, பிரிஃபிக்ஸிலேயே தற்காலிக அடைவின் பெயரைக் கொடுத்துச் சமாளிப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் அந்தப் பாதை நிரலுக்குள்ளேயே பதிந்துவிடும். கட்டியவரின் கணினியில் அந்த அடைவு இருப்பதால் எல்லாம் ஓடும்; வேறு எங்கும் ஓடாது. சரியான வழி, மேக்ஃபைலைத் திருத்தி, அந்தத் திருத்தத்தை மூல ஆசிரியருக்கும் அனுப்புவது.

ஆட்டோடூல்ஸ், சிமேக், மீசான் ஆகிய மூன்று பில்ட் கருவிகளும் லினக்ஸில் ஒன்றும் சொல்லாவிட்டால் /யுஎஸ்ஆர்/லோக்கலையே பிரிஃபிக்ஸாகக் கொள்கின்றன. கையால் கட்டுபவருக்கு அது நியாயமானது. பேக்கேஜ் கட்டுபவருக்கு அல்ல: டெபியன் பேக்கேஜ் எதுவும் அங்கே கோப்பு வைக்கக் கூடாது என்பது டெபியனின் கொள்கை; மீறினால் லிண்டியன் என்ற சோதனைக் கருவி பிழை காட்டும். முன்பு எப்போதோ கையால் நிறுவிய பிரதி லோக்கலில் கிடந்தால், பேக்கேஜிலிருந்து வந்த புதிய பிரதியை முந்திக்கொண்டு அதுவே ஓடும், ஏனென்றால் பாதைப் பட்டியலில் /யுஎஸ்ஆர்/லோக்கல்/பின் முன்னால் நிற்கிறது. புதுப்பித்த பிறகும் பழைய பிழையே வருகிறது என்றால் முதல் சந்தேகம் இதன்மேல் விழ வேண்டும்.

லைப்ரரி கிடைக்கவில்லை என்ற செய்தி இரண்டு வேளைகளில் வரும். கம்பைல் செய்யும்போது வந்தால், பெரும்பாலும் ஹெட்டர் கோப்புகள் அடங்கிய தனிப் பேக்கேஜ் இல்லை என்று பொருள். டெபியனில் அதன் பெயர் தேவ் என்றும் ஃபெடோராவில் டெவெல் என்றும் முடியும். ஓடும்போது வந்தால், லைப்ரரி இருக்கும் அடைவு லோடருக்குத் தெரியவில்லை. டெபியனில் /யுஎஸ்ஆர்/லோக்கல்/லிப் தேடல் பட்டியலில் இருக்கிறது. எல்டிகான்ஃபிக் கட்டளையை ஒருமுறை இயக்கினால் போதும். ஃபெடோராவில் அந்த அடைவை முதலில் பட்டியலில் சேர்க்க வேண்டும். சூழல் மாறியில் பாதையைத் திணிப்பது சோதனைக்கு மட்டும் சரி. அதைப் பேக்கேஜின் துவக்க நிரலில் எழுதிவைப்பது தவறு.

பைதானிலும் இதே எல்லைத் தகராறுதான். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல், பிப் கருவி கணினி முழுமைக்கும் நிறுவ மறுக்கிறது. தமிழ் உரைகளைக் கையாளும் ஓப்பன்-தமிழ் லைப்ரரியை நிறுவப் போகிறவரும் இந்த மறுப்பைச் சந்திப்பார். கட்டாயப்படுத்தும் விருப்பத்தைக் கொடுத்து மீறாமல், திட்டத்துக்கென வென்வ் என்ற தனிப் பைதான் சூழல் ஒன்றை அமைத்து அதற்குள் நிறுவ வேண்டும். டெபியனின் ஏபிடி கருவி வழியே வந்த மாட்யூல்களையும் பிப் கொண்டுவருபவற்றையும் ஒரே பைதான் கலந்து படித்தால், பதிப்புகள் மோதி கணினியின் சொந்தக் கருவிகளே நிற்கக்கூடும்.

சொந்தக் கணினியில் பில்ட் வெற்றி பெறுவது எதையும் நிரூபிப்பதில்லை. பல மாதங்களாக நிறுவிச் சேர்ந்த லைப்ரரிகள் அங்கே விடுபட்ட சார்புகளை மறைத்துவிடும். டெபியனில் எஸ்பில்ட், ஃபெடோராவில் மாக் போன்ற கருவிகள் குறைந்தபட்சப் பேக்கேஜ்கள் மட்டும் உள்ள வெற்றுச் சூழலை உருவாக்கி அதற்குள் கட்டுகின்றன. கட்டும் நேரத்தில் இணையத்திலிருந்து எதையும் இறக்க டெபியன் கொள்கை அனுமதிப்பதில்லை. வீட்டு அடைவில் எழுதலாம் என்று நம்பி எழுதிய சோதனைகளும் எஸ்பில்டுக்குள் உடையக்கூடும். கம்பைலர் மாறுவதாலும் பில்ட் உடையும்: 2020இல் வந்த ஜிசிசி 10, ஒரே மாறியைப் பல கோப்புகளில் வரையறுத்த பழைய சி நிரல்களை இணைக்க மறுத்தது, 2024இன் ஜிசிசி 14, அறிவிக்காமல் அழைத்த ஃபங்ஷன்களைப் பிழையாக்கியது. பிழையை அடக்கும் கொடியைப் போட்டுத் தப்பிப்பது தற்காலிகமாகத்தான் உதவும். நிரலைத் திருத்துவதே வேலை.

கற்பதற்குச் சிறியதும் பயனுள்ளதுமான ஒரு பேக்கேஜை வேண்டுபவர், தமிழ்99 விசைப்பலகையைத் தரும் எம்17என் தரவுப் பேக்கேஜைப் பிரித்துப் பார்க்கலாம். அதில் இருப்பவை பெரும்பாலும் /யுஎஸ்ஆர்/ஷேர்/எம்17என் அடைவில் உட்காரும் எளிய உரைக் கோப்புகள். எந்தக் கோப்பு எங்கே போகிறது என்பதைக் கம்பைலரின் குறுக்கீடு அதிகமின்றிப் பின்தொடரலாம். அடுத்த படிக்கு, பராமரிப்பவர் விலகிப் போன பேக்கேஜ்களின் பட்டியலை டெபியன் எல்லோருக்கும் திறந்தே வைத்திருக்கிறது. மடத்துக்குளத்து இளைஞர்கள் அதிலிருந்து தங்கள் ஊருக்குப் பயன்படும் ஒன்றை எடுத்து, வெற்றுச் சூழலில் கட்டி, உடைந்த இடத்தைத் திருத்தி அனுப்ப வேண்டும்.