பாடம் 7: எந்தச் சட்டக் கல்லூரி?

மும்பை மாட்டுங்காவில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றில் பன்னிரண்டாம் வகுப்பு பயிலும் மகள் இருந்தாள். வழக்கறிஞராவதே அவளது விருப்பம். ஒருநாள் அவள் ஐந்தாறு கல்லூரிகளின் கையேடுகளைப் பரப்பி, "அப்பா, இக்கல்லூரியின் கட்டடம் எவ்வளவு பெரியது, பாருங்கள்!" என்றாள். தந்தை அவளை அண்டை வீட்டில் வாழ்ந்த முதிய வழக்கறிஞரிடம் அழைத்துச் சென்றார்.

"கட்டடம் நீதிமன்றத்தில் வழக்காடாது, மகளே. நான்கு வினாக்களைக் கேட்டுப் பார்" என்றார் பெரியவர்.

"முதல் வினா: கல்லூரிக்கு இந்திய பார் கவுன்சிலின் ஏற்பு உண்டா? 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி, ஏற்புப் பெற்ற பட்டம் உடையவரே வழக்கறிஞராகப் பதிவு செய்யலாம். ஏற்பு இல்லையெனில் ஐந்தாண்டு உழைப்பும் வீணாகும்.

"இரண்டாம் வினா: சேரும் வழி யாது, செலவு எவ்வளவு? தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுள் பெரும்பாலானவை 'கிளாட்' என்னும் பொது நுழைவுத் தேர்வின்வழி மாணவரைச் சேர்க்கின்றன. தில்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் தனித்தேர்வு நடத்துகிறது. அண்மை ஆண்டுகளில் கிளாட் தேர்வு திசம்பரிலேயே நடைபெறுவதால் முன்னரே விண்ணப்பிக்க வேண்டும். அவற்றுள் பலவற்றில் ஓராண்டுச் செலவு இலட்சங்களைத் தொடும். 1855இல் தோன்றிய மும்பை அரசுச் சட்டக் கல்லூரி போன்றவற்றில் கட்டணம் மிகக் குறைவு. அதில் சேர மகாராட்டிர மாநில நுழைவுத் தேர்வை எழுத வேண்டும்.

"மூன்றாம் வினா: பயிற்சி எத்தகையது? ஐந்தாண்டுப் படிப்பில் மாணவர் குறைந்தது 20 வாரங்கள் களப்பயிற்சி பெறுதல் விதி. அதற்குக் கல்லூரி துணை நிற்கிறதா, மாதிரி நீதிமன்றம் முறையாக நடைபெறுகிறதா என்பவற்றை அங்குப் பயிலும் மாணவரிடமே கேள்.

"நான்காம் வினாவை உன்னிடமே கேட்டுக்கொள். நீ எந்த நீதிமன்றத்தில் நிற்க விரும்புகிறாய்?"

"பாட்டியின் ஊராகிய திருநெல்வேலியில், ஐயா. நிலத்தகராறுகளில் எளியோருக்காக வாதாட வேண்டும்" என்றாள் அவள்.

"உச்ச நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். மாவட்ட நீதிமன்றங்களிலோ மாநில மொழி வழங்கும். இங்கு மராத்தி, அங்குத் தமிழ். கட்சிக்காரர் கொண்டுவரும் பத்திரமும் தமிழில் இருக்கும். உன்னால் படிக்க இயலுமா?"

அவள் விடை கூறவில்லை. வீட்டில் தமிழ் பேசினாலும், எழுத்துக் கூட்டியே அவள் படித்து வந்தாள்.

வீடு திரும்பியதும் கையேடுகளை ஒதுக்கி வைத்தாள். குறிப்பேட்டைத் திறந்து நான்கு வினாக்களையும் மெல்ல மெல்லத் தமிழில் எழுதினாள். இரண்டு பிழைகள் இருந்தன. தந்தை அருகில் அமர்ந்து திருத்தினார்.

சொற்பொருள்
ஏற்பு – அங்கீகாரம்
கட்சிக்காரர் – வழக்கறிஞரை அமர்த்துபவர்
பத்திரம் – சொத்து ஆவணம்
களப்பயிற்சி – பணியிடத்தில் பெறும் பயிற்சி

விடை எழுதுக
1. ஏற்புப் பெறாத கல்லூரியில் பயின்றால் நேரும் இழப்பு யாது?
2. நான்காம் வினாவைக் கேட்டபின் மாணவி அறிந்துகொண்ட குறை யாது?
3. நீவிர் வாழும் மாநிலத்தின் மாவட்ட நீதிமன்றங்களில் எம்மொழி வழங்குகிறது? கேட்டறிந்து ஐந்து தொடர்களில் எழுதுக.