குச்சிக்குள் உறங்கும் மலர்

மைசூருக்கும் உதகமண்டலத்துக்கும் நெடுநாளைய உறவு உண்டு. மைசூர் மன்னர்கள் கோடைக்காலத்தைக் கழித்த ஃபெர்ன்ஹில் அரண்மனை உதகையில்தான் இருக்கிறது. இன்றும் மைசூர்வாசிகள் உதகைக்குச் சென்று பந்திப்பூர்க் காட்டு வழியே திரும்பும்போது, நீலப் பூங்கொத்துகள் நிறைந்த ஹைட்ராஞ்சியாத் தொட்டி ஒன்றைக் கையோடு கொண்டுவருவதுண்டு.

சில வாரங்கள் அந்தச் செடி வீட்டு வாசலை அழகு செய்கிறது. பின்னர் நிறம் மங்குகிறது. பூங்கொத்து காகிதம்போல் உலர்கிறது. குளிர்மாதங்களில் இலைகளும் பழுத்து உதிர்கின்றன. தை மாதத்தில் பார்த்தால், தொட்டியில் எஞ்சி நிற்பவை சாம்பல் நிறக் குச்சிகள் சில மட்டுமே.

அப்போது வீட்டில் இரண்டு கருத்துகள் எழும். ‘பட்டுப்போய்விட்டது, எடுத்து எறிந்துவிடலாம்’ என்பது ஒன்று. ‘ஒட்ட வெட்டிவிட்டால் தழைத்துப் பூக்கும்’ என்பது மற்றொன்று. முதலாவது அவநம்பிக்கையிலிருந்து பிறப்பது. இரண்டாவது அக்கறையிலிருந்து பிறப்பது. ஆனால், அடுத்த ஆண்டின் மலரை அழிப்பதில் இரண்டும் ஒன்றே.

மல்லிகைக்கு நன்மை, இதற்குத் தீமை

மைசூர் மல்லிகைக்குப் பெயர்பெற்ற ஊர். மல்லிகையைக் குளிர்காலத்தில் கவாத்து செய்வார்கள். வெட்டிய இடத்திலிருந்து புதுத் தளிர் கிளம்பும். அத்தளிரில் மொட்டு கட்டும். ரோஜாவும் அப்படித்தான். இந்த வழக்கத்தில் பழகிய கை, ஹைட்ராஞ்சியாவின் குச்சியைக் கண்டதும் கத்தரியைத் தேடுவதில் வியப்பில்லை.

ஆனால் ஹைட்ராஞ்சியாவின் இயல்பு வேறு. பெரிய உருண்டைக் கொத்துகளாகப் பூக்கும் அதன் பொதுவான வகை, சென்ற ஆண்டு வளர்ந்த தண்டின் நுனியில்தான் பூக்கிறது. நாள் குறுகி, இரவின் வெப்பம் தணியும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், தண்டின் முனையிலுள்ள முகைக்குள் மறு ஆண்டின் மலர் உருவாகிவிடுகிறது. வெளியே தெரிவது வெறும் குச்சி. உள்ளே பூங்கொத்து முழுவதும் சிற்றுருவில் உறங்குகிறது.

தை மாதத்தில் அந்த நுனியை வெட்டுகிறவர் உலர்ந்த குச்சியை வெட்டுவதாக எண்ணுகிறார். உண்மையில் அவர் வெட்டுவது ஓராண்டின் மலரை. இதில் வருந்தத்தக்க செய்தி ஒன்று உண்டு. வெட்டிய செடி மடிவதில்லை. பங்குனியில் அது செழிப்பாகத் தழைக்கிறது. பசுமையைக் கண்டு, தாம் செய்தது சரியே என்று அவர் மகிழ்கிறார். பூக்காததற்குச் செடியையே குறை சொல்கிறார். அடுத்த தையிலும் கத்தரி எடுக்கிறார். இழந்தது என்னவென்று அவருக்குத் தெரிவதே இல்லை.

நகத்தால் ஒரு கீறல்

குச்சி உயிரோடு இருக்கிறதா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. பட்டையை நகத்தால் மெல்லக் கீறிப் பார்க்க வேண்டும். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பு நிறமாக உலர்ந்திருந்தால் அந்தத் தண்டை மட்டும் நீக்கலாம். தீர்ப்புச் சொல்லுமுன் விசாரணை வேண்டும் என்பது தோட்டத்திலும் உண்மையே.

கவாத்துக்கும் இந்தச் செடியில் இடம் உண்டு. மலர் வாடிய உடனேயே, வாடிய கொத்தை மட்டும், அதன் கீழுள்ள நல்ல முகைகளுக்குச் சற்று மேலே வெட்டலாம். அதன்பின் கத்தரிக்கு வேலையில்லை. 2004-இல் அறிமுகமான ‘எண்ட்லெஸ் சம்மர்’ போன்ற சில வகைகள் புதுத் தளிரிலும் பூக்கும். ஆகவே தம்மிடம் இருப்பது எந்த வகை என்று அறிந்துகொள்வது முதற்கடமை.

காத்திருப்பும் ஒரு வேலை

குளிர் மிகுந்த நாடுகளில் இத்தொட்டிகளை உறைபனி தாக்காத அறையில் வைத்து, மண் அடியோடு காயாத அளவுக்கு மட்டும் நீர் விட்டு, வசந்தத்தில் மெல்ல மெல்ல வெளியே கொண்டுவருவார்கள். மைசூரில் உறைபனி இல்லை. இங்குள்ள இடர் அதற்கு நேர்மாறானது: குளிர் போதாமை.

மலர்முகை உருவாக, ஏறக்குறைய 18 பாகை செல்சியசுக்குக் குறைந்த வெப்பநிலை சுமார் ஆறு வாரங்கள் தேவை. வணிகத்திற்காக வளர்ப்போர் அதன்பின்னும் 5 முதல் 7 பாகைக் குளிரில் மேலும் ஆறு வாரங்கள் செடியை உறங்கவைக்கின்றனர். 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் குளிர் இயல்பாகவே கிடைக்கிறது. ஏறக்குறைய 770 மீட்டர் உயரத்திலுள்ள மைசூரில் டிசம்பர், ஜனவரி இரவுகள் 16 பாகை அளவுக்கு இறங்கினாலும், பகலில் வெயில் 28 பாகையைத் தொடும்.

எனவே வளர்ப்பவர் செய்ய வேண்டியவை சில. குளிர்மாதங்களில் தொட்டியை வீட்டுக்குள் வைக்காமல், இரவுக் குளிர் படும்படி வெளியே வைக்க வேண்டும். காலை வெயில் படலாம். நண்பகல் வெயில் கூடாது. நீரைக் குறைக்கலாம், நிறுத்தக் கூடாது. உறங்கும் செடிக்கு உரம் வேண்டாம். தழைச்சத்தை மிகுதியாக இட்டால் இலை பெருகும், பூ குறையும். முகை விரியத் தொடங்கியபின் தொழு உரம் இட்டு, நீரை மிகுதியாக்க வேண்டும்.

இந்தப் பட்டியலில் ‘செய்’ என்பவைக்கு நிகராகச் ‘செய்யாதே’ என்பவையும் இருப்பதைக் கவனிக்கலாம். பொறுமை என்பது சோம்பலிலிருந்து வேறுபடும் இடம் இதுவே. சோம்பேறி செடியை மறந்துவிடுகிறான். பொறுமையுள்ளவன் நாள்தோறும் அதன் அருகில் செல்கிறான். ஆனால் தேவையின்றித் தொடுவதில்லை.

நிறம் மாறினாலும், பூக்காவிட்டாலும்

உதகையில் நீலமாக இருந்த மலர், மைசூரில் மறுமுறை பூக்கும்போது இளஞ்சிவப்பாக மாறிவிடலாம். இது நோயன்று. அமிலத்தன்மையுள்ள மண்ணிலிருந்து செடி அலுமினியத்தை எளிதாக ஏற்கிறது; அதனால் நீலம். காரத்தன்மை கூடினால் அலுமினியம் கிடைப்பதில்லை, அதனால் சிவப்பு. செடி ஒன்றே, அது நிற்கும் நிலம்தான் வேறு.

எல்லாம் முறையாகச் செய்தும் பூக்காத ஆண்டும் வரும். அந்த ஆண்டு மைசூரின் குளிர் போதவில்லை என்பதே காரணமாக இருக்கலாம். குளிர், வளர்ப்பவரின் அதிகாரத்தில் இல்லை. அவர் அதிகாரத்தில் இருந்தவை நிழலும் நீரும் நிதானமும் மட்டுமே.

இச்செடியின் தாயகமான ஜப்பானில் ஒரு வழக்கம் உண்டு. ஏப்ரல் 8-ஆம் நாள், புத்தரின் பிறந்தநாளன்று, குழந்தைப் புத்தரின் சிறு உருவத்துக்கு இனிய தேநீரால் திருமுழுக்காட்டுவர். அத்தேநீர் ஹைட்ராஞ்சியாவின் ஒரு தனி வகையின் இலையிலிருந்து பக்குவப்படுத்தப்படுவது. (தோட்டங்களில் வளரும் சாதாரண வகையின் இலை நச்சுத்தன்மை உடையது, உண்ணத் தகாதது.) அங்கே மலர்கள் விரிவது ஜூன் மாத மழையில். வழிபாட்டு நாளில் பூ இல்லை. இலையே இறைப்பணிக்கு வந்துவிடுகிறது. பூக்காத காலமும் வீணான காலமன்று.

குச்சியைக் கண்டு முடிவு கட்டாமல்

பிள்ளையை வளர்க்கும் பெற்றோருக்கும், மாணவனைப் பயிற்றும் ஆசிரியருக்கும், மனத்தைப் பழக்கும் சாதகருக்கும் இப்படிப்பட்ட ஒரு தை மாதம் வரத்தான் செய்கிறது. முயற்சி நடக்கிறது; பலன் தெரிவதில்லை. முதல் பிள்ளைக்குப் பயன்பட்ட கண்டிப்பு, இரண்டாம் பிள்ளையின் நுனியை வெட்டிவிடக்கூடும். ஒன்றுமே நிகழவில்லை என்று தோன்றும் மாதங்களில்தான் உள்ளே மலர் உருவாகிக்கொண்டிருக்கவும் கூடும்.

அத்தகைய வேளையில் செய்யத்தக்கது சிறிய செயலே. மெல்லக் கீறிப் பார்ப்பது. பச்சை தெரிந்தால் கத்தரியைக் கீழே வைப்பது. ஒரு குவளை நீர் ஊற்றுவது. மறுநாளும் வந்து பார்ப்பது.