புளி போட்டால் மின்னுமா?

பத்தாம் வகுப்பில் அலுமினியம் பிரித்தெடுத்தலை நடத்தும்போது ஏற்காடு, கொல்லிமலை பாக்சைட்டையும் மேட்டூர் ஆலையையும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இரும்புக்குத் துரு எப்படியோ அலுமினியத்துக்கு ஆக்சைடு அப்படி, தேய்த்து எடுத்தால் பளபளக்கும் என்ற எண்ணம் மாணவரிடம் தங்கிவிடுகிறது. இதைத் திருத்த நான் எடுத்துக்கொள்வது பழைய ஆம்ப்ளிஃபயர், டேப் ரெக்கார்டர்களின் முகப்புத் தகடு. பெரும்பாக்கத்தில் காயலான் கடையிலேயே கிடைக்கும்.

1970, 80களில் வந்த பல கருவிகளின் வெள்ளிநிற முகப்பு வெறும் அலுமினியம் அல்ல, அனோடைசிங் செய்யப்பட்டது. தகட்டை நீர்த்த கந்தக அமிலத்தில் நேர்மின்வாயாக வைத்து மின்சாரம் செலுத்தினால் ஆக்சைடு தடித்து வளர்கிறது. காற்றில் தானாக உருவாகும் படலம் சில நானோமீட்டர்தான். இது பெரும்பாலும் 5 முதல் 25 மைக்ரோமீட்டர். பொன்னிறக் குமிழ்களில் பொன் கிடையாது. அந்தப் படலத்தின் நுண்துளைகளில் சாயம் ஏற்றி, வெந்நீரில் துளைகளை மூடியிருக்கிறார்கள்.

இரண்டு பென்டார்ச் செல், 100 ஓம் மின்தடை, சிவப்பு எல்இடி ஆகியவற்றைத் தொடராக இணைத்து, மழுங்கிய கம்பி முனைகளால் தகட்டைத் தொடச் சொல்லுங்கள். எல்இடி எரியாது. அலுமினியக் கிண்ணத்தில் அழுத்தித் தொட்டால் எரியும். ஆக்சைடு மின்கடத்தாப் பொருள் என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள். (வார்னிஷ் பூசிய தகட்டிலும் எரியாது. அதையும் தேய்க்கக் கூடாது என்பதால் குழப்பமில்லை.)

வீட்டில் மைக் செட் வாடகைக்கு விடும் மாணவன் ஒருவன், "புளி போட்டா பித்தளை மாதிரி மின்னுமா சார்?" என்று கேட்டான். ஈரியல்பு ஆக்சைடு பாடத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் ஏது? அலுமினிய ஆக்சைடு அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். புளி, எலுமிச்சை, வினிகர், சலவை சோடா எல்லாமே அந்தப் படலத்துக்குப் பகை. சோடா இன்னும் மோசம். படலம் போனபின் உலோகத்தையே அரித்து ஹைட்ரஜனை வெளிவிடும். சம்பாதித்துக் கொடுக்கும் கருவி திட்டுத்திட்டாக மங்கிப்போகும்.

செய்ய வேண்டியது எளிது. மின் இணைப்பை எடுத்துவிட்டு, பெட்டியைத் திறக்காமல், குமிழ்களை மட்டும் கழற்ற வேண்டும். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் துலக்கும் திரவ சோப்பு இரண்டு சொட்டு விட்டு, துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, தகட்டின் மெல்லிய கோடுகள் ஓடும் திசையிலேயே துடைக்க வேண்டும். அச்சிட்ட எழுத்துகளின் மேல் அழுத்தம் கூடாது. பெரும்பாலும் மங்கலுக்குக் காரணம் கைப்பிசுக்கும் புகையும்தான்.

உப்புக்காற்று பட்டு வெண்புள்ளி விழுந்திருந்தால், அங்கே படலம் துளைபட்டு உலோகம் அரிக்கப்பட்டிருக்கிறது. அதை வீட்டில் சரிசெய்ய முடியாது. பட்டறையில் காஸ்டிக் சோடாவில் பழைய படலத்தைக் கரைத்துப் புதிதாக அனோடைசிங் செய்யலாம், எழுத்துகள் போய்விடும். நானானால் புள்ளியோடு விட்டுவிடச் சொல்வேன்.