மாதவிடாய் தள்ளிப்போகிறதா? மனச்சுமையையும் கவனியுங்கள்

இல்லத்தையும் உத்தியோகத்தையும் ஒருசேரச் சுமக்கும் ஸ்திரீகளுக்கு ஓயாத மனக்கிலேசம் நேரும்போது, சிறுநீரகங்களின்மேல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் கார்டிசாலை மிகுதியாகச் சுரக்க, சினைப்பைகளை இயக்குவதற்கு மூளையின் ஹைப்போதலாமஸிலிருந்து புறப்படும் சமிக்ஞை தளர்ந்து, மாதவிடாய் தள்ளிப்போவதும் உண்டு.

இதற்கு முதற் பரிகாரம் நித்திரையே. இரவில் 7 மணி நேரத்துக்குக் குறையாமல், கூடியவரை ஒரே வேளையில் படுத்து எழுவதும், அருந்திய காப்பியின் காஃபீனில் ஏறக்குறையப் பாதி 5 மணி நேரத்துக்குப் பின்னும் சரீரத்தில் தங்கியிருக்குமாதலால் பிற்பகல் 2 மணிக்குமேல் அதைத் தவிர்ப்பதும் நலம் (மாலைக் காப்பியை விடுவது ராஜ்யத்தைத் துறப்பது போலப் பலருக்குத் தோன்றும் என்பதை அறிவேன்). அரை மணி நேர நடையும் வேளை தவறாத ஆகாரமும் துணைபுரியும். பட்டினி கிடந்து செய்யும் கடும் பயிற்சியோ விபரீதத்தில் முடியும். வீட்டு வேலையில் நியாயமான பங்கை மற்றவர்கள் ஏற்காத வரையில், மூச்சுப் பயிற்சியை மட்டும் உபதேசிப்பது முறையன்று என்பது என் அபிப்பிராயம்.

எனினும், எல்லாவற்றையும் கவலையின் கணக்கில் எழுதிவிடலாகாது. மாதவிடாய் 3 மாதம் தொடர்ந்து வராவிடினும், சுழற்சி 21 நாளுக்குக் குறைந்தோ 35 நாளைத் தாண்டியோ வந்துகொண்டிருந்தாலும், கர்ப்பம், தைராய்டு கோளாறு, சினைப்பை நீர்க்கட்டி முதலியவற்றைச் சோதித்தறிய மகளிர் நல வைத்தியரை அணுகுக.