முன்ன மாதிரி இல்லையா?

மதுரை

அன்புள்ள மதி,

பரீட்சை முடிந்த கையோடு தோழிகளுடன் பீப்பீ தீவுக்குக் கிளம்புகிறாய் என்று அண்ணன் சொன்னார். சந்தோஷம். போனில் நீ கேட்டதுதான் இன்னும் காதில் நிற்கிறது: "ஒருதடவை பார்த்த ஊருக்கே எதுக்கு அத்தை மறுபடி காசு செலவழிச்சுப் போனீங்க? இப்போ அங்க கடல்ல குளிக்கக்கூட விடமாட்டாங்களாமே!" இரண்டு வரியில் பதில் சொன்னால் சப்பென்று போய்விடும். அதனால்தான் இந்தக் கடிதம். நீ கேட்ட ஹோட்டல் பட்டியலை இதில் தேடாதே. அந்த வேலையை உன் தோழிகள் என்னைவிட நன்றாகச் செய்வார்கள்.

முதலில் இடத்தின் அமைப்பைத் தெரிந்துகொள். பீப்பீ, தாய்லாந்தின் கிராபி மாகாணத்தைச் சேர்ந்த ஒரு தீவுக் கூட்டம். ஊர், கடை, ஹோட்டல் எல்லாம் பெரிய தீவான பீப்பீ டோனில். படங்களில் பார்த்து நீங்கள் ஆசைப்படும் மாயா வளைகுடா, தெற்கே தள்ளியிருக்கும் பீப்பீ லேயில். அங்கே குடியிருப்பு கிடையாது, ராத்தங்க விடமாட்டார்கள். ஃபூக்கெட்டிலிருந்து படகில் ஏறினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பீப்பீ டோனின் டோன்சாய் துறையில் இறக்கிவிடுவார்கள். இறங்கியதும் துப்புரவுக்கென்று 20 பாட் வாங்குவார்கள். ஊருக்குள் கார் கிடையாது. பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு ஹோட்டல் பையன்கள் சந்துகளில் ஓடுவார்கள். வண்டியில் ஹாரன் இல்லாததால் வாயாலேயே "பீப்! பீப்!" என்று கத்திக்கொண்டு வருவார்கள். ஒதுங்கிவிடு, அவர்கள் நிற்கமாட்டார்கள்.

இரண்டாம் முறை போனபோது படகில் என் பக்கத்தில் ஒரு சென்னைக்காரர் உட்கார்ந்திருந்தார். வழி முழுக்க அவருக்கு ஒரே பல்லவி: "முன்ன மாதிரி இல்லைங்க." எந்த முன்ன என்று கேட்டேன். கல்யாணமான புதிதில் மனைவியோடு வந்த வருஷத்தைச் சொன்னார். மாலையில் டோன்சாயில் ரொட்டி போடும் பெண்மணியிடம் பேச்சுக் கொடுத்தபோது (நம் வீச்சுப் பரோட்டாவுக்கு உறவுதான், உள்ளே வாழைப்பழம் வைத்துக் கண்டென்ஸ்ட் மில்க் ஊற்றுவார்கள்) அவருடைய 'முன்ன' வேறாக இருந்தது: சுனாமிக்கு முன். இந்தத் தீவுவாசிகளில் பெரும்பான்மையோர் முஸ்லிம்கள், மீனவர் வழி வந்தவர்கள். அவர் தாத்தாவைக் கேட்டிருந்தால் ஹோட்டலே இல்லாமல் மீன்பிடியும் தென்னந்தோப்புமாக இருந்த தீவைச் சொல்லியிருப்பார்.

டேனியல் பாலி என்ற மீன்வள அறிஞர் 1995-ல் இதைப் பற்றி ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். ஒவ்வொரு தலைமுறை ஆய்வாளரும் தான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கடலில் எவ்வளவு மீன் இருந்ததோ அதையே முழு அளவு என்று வைத்துக்கொள்கிறார். அதிலிருந்து குறைந்தது மட்டுமே அவர் கண்ணுக்கு நஷ்டமாகத் தெரிகிறது. அதற்கு முன்பே தொலைந்துபோனது கணக்கில் வருவதே இல்லை என்றார். மீனுக்குச் சொன்னது என்றாலும் சுற்றுலாப் பயணிக்கும் அப்படியே பொருந்தும். போன இடத்துக்கே மறுபடி போவதில் எனக்குள்ள ருசி இதுதான். என் 'முன்ன'வை அங்கே வைத்துச் சரிபார்க்கலாம். பெரும்பாலும் அது தேறுவதில்லை.

மாயா வளைகுடாவையே எடுத்துக்கொள். சுண்ணாம்புப் பாறைச் சுவர்கள் சூழ, சுமார் 250 மீட்டர் நீளத்தில் ஒரு மணல்கரை. அலெக்ஸ் கார்லண்டின் நாவலைத் தழுவிய 'தி பீச்' படத்தை 1999-ல் அங்கே எடுத்தார்கள். லியோனார்டோ டிகாப்ரியோ நடித்தது, 2000-ல் வெளிவந்தது. அதுதான் அந்தக் கரையை உலகத்துக்குக் காட்டியது. ஆனால் படத்தில் வருவது மாயாவின் அசல் முகமே அல்ல. கடற்கரை இன்னும் அகலமாக, இன்னும் 'வெப்பமண்டலத் தீவு'போலத் தெரிய வேண்டும் என்று மணல்மேட்டைச் சமன்செய்து, அங்கே இயல்பாக வளர்ந்திருந்த செடிகொடிகளைப் பிடுங்கிவிட்டுத் தென்னைகளை நட்டார்கள். மணலைப் பிடித்து வைத்திருந்ததே அந்தச் செடிகளின் வேர்தான். அடுத்த தென்மேற்குப் பருவக்காற்றில் மணல் அரித்துக்கொண்டு போயிற்று. உள்ளூர் நிர்வாகத்தினர் வழக்குப் போட்டார்கள். அது இழுத்து இழுத்து, கடைசியில் 2022-ல்தான் படநிறுவனம் ஒரு கோடி பாட் தருவதாக ஒப்புக்கொண்டு முடிந்தது. ஆக, படத்தைப் பார்த்து 'அசல் மாயா'வைத் தேடிப்போன லட்சக்கணக்கானவர்கள் தேடியது புல்டோசர் ஓட்டிய மாயாவை.

பிறகு கூட்டம். மூடுவதற்கு முந்தைய ஆண்டுகளில் ஒரு நாளைக்கு ஐயாயிரம் பேர் வரை அந்தச் சின்னக் கரையில் இறங்கினார்கள். நான் முதலில் பார்த்ததும் அந்தக் காலத்தில்தான். வேகப்படகுகள் வரிசையாக மணலில் மூக்கை வைத்து நிற்கும். நடுவில் கிடைக்கும் சந்தில் கழுத்தளவு தண்ணீரில் நின்று படம் எடுத்துக்கொள்வோம். தண்ணீர் பச்சையும் நீலமுமாகத்தான் இருந்தது, பார்க்க ஒரு குறையும் தெரியாது. அடியில் நங்கூரம் பவளத்தை உடைத்துக்கொண்டிருந்தது. படகுகளின் சுழலி கிளப்பிய மண் அதன்மேல் படிந்துகொண்டிருந்தது. பவளம் செடி அல்ல, உயிருள்ள சிறு பிராணிகளின் குடியிருப்பு. அவற்றின் திசுக்குள் வாழும் பாசி வெயிலை வாங்கிச் சமைத்துக் கொடுப்பதுதான் அவற்றுக்குப் பெரும்பகுதிச் சாப்பாடு. மேலே மண் மூடினால் அடுப்பு அணைந்த மாதிரி.

2018 ஜூன் 1-ம் தேதி மாயாவை மூடினார்கள். முதலில் நான்கு மாதத்துக்கு என்றுதான் அறிவிப்பு. உள்ளே பார்த்த நிபுணர்கள் போதாது என்றார்கள். தாய்லாந்தில் பலருக்கும் தெரிந்த கடலியலாளர் தோன் தம்ரோங்நாவாசாவத் இதில் முன்னணியில் நின்றவர். நடுவில் கொரோனாவும் வந்து, 2022 ஜனவரி 1-ம் தேதிதான் திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் ஆயிரக்கணக்கான பவளத் துண்டுகளை வளர்த்து நட்டார்கள். யாரும் நடாமலே திரும்பி வந்தவை கருமுனைச் சுறாக்கள். அந்த ஆழமில்லாத வளைகுடா அவற்றின் குட்டிகள் வளரும் இடம். ஆள் போனதும் அவை வந்துவிட்டன.

இப்போது படகு வளைகுடாவுக்குள் போக முடியாது. தீவின் பின்பக்கம், லோ சமா என்ற குடாவில் மிதவைத்துறையில் இறங்கி, மரப்பலகை நடைபாதையில் காட்டுக்குள் நடந்து கரைக்கு வர வேண்டும். ஒரு நேரத்துக்கு 375 பேர், ஒரு மணி நேரம். முழங்கால் அளவுக்கு மேல் தண்ணீரில் இறங்கினால் காவலர் விசில் ஊதுவார். நான் நின்றிருந்தபோது என்னிடமிருந்து நாலைந்து அடியில், முழங்கால்கூட நனையாத தண்ணீரில், முழங்கை நீளத்தில் ஒரு சுறாக்குட்டி. முதுகுத் துடுப்பின் நுனி மட்டும் மையில் தோய்த்தெடுத்ததுபோல் கறுப்பு. கரையோரமாகவே போய், திரும்பி, மறுபடி அதே வழியில் வந்தது. பக்கத்தில் ஒரு குழந்தை கத்தியதும் விர்ரென்று ஆழத்துக்குப் போய்விட்டது.

படகுச் சென்னைக்காரருக்கு அன்றைக்கு ஏமாற்றம்தான். குளிக்க முடியாத கடற்கரைக்கு 400 பாட் நுழைவுக்கட்டணமா என்றார். நான் அவரோடு வாதாடவில்லை. உனக்குச் சொல்கிறேன்: என் கணக்கில் இந்த மாயாதான் பழைய மாயாவுக்குக் கிட்டத்தில் இருக்கிறது. குளிக்க இடமா இல்லை? பீப்பீ டோனில் லாங் பீச்சுக்குப் போ.

இந்தக் கரைகளின் வெள்ளை மணலே பெரும்பகுதி பவளமும் சிப்பியும் பொடிந்ததுதான். அரைத்துக் கொடுப்பவற்றில் கிளிமீனுக்குப் பெரிய பங்கு உண்டு. பாசிக்காகப் பவளப் பாறையைச் சுரண்டித் தின்று, மிச்சத்தை மணலாக வெளியே விடும். பெரிய இனமாக இருந்தால் ஒரே மீன் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான கிலோ மணல் தரும். நாம் ஆசையாகப் படுத்துப் புரளுவது எதன்மேல் என்று யோசிக்காமல் இருப்பதே நல்லது!

டோன்சாய் ஊரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பீப்பீ டோன் உண்மையில் இரண்டு பாறை மலைகள். நடுவே ஒரு மணல் இணைப்பு, கடல்மட்டத்துக்குமேல் ஓர் ஆள் உயரம் இருந்தால் அதிகம். ஒருபக்கம் டோன்சாய் குடா, மறுபக்கம் லோ டாலம் குடா. மொத்த ஊரும் அந்த மணல்மேல். 2004 டிசம்பர் 26 காலையில் இரண்டு குடாவிலிருந்தும் தண்ணீர் ஏறி நடுவில் மோதியது. நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். அன்று நம் நாகப்பட்டினத்தில் நடந்ததை நீ கேள்விப்பட்டிருப்பாய். சுமத்ராவை ஒட்டிக் கடலடியில் நடந்த ஒரே நிலநடுக்கம், ஆனால் இரு கரையிலும் கடல் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை. கடலடித்தளம் கிழக்குப் பக்கம் தாழ்ந்தது, மேற்குப் பக்கம் உயர்ந்தது. அதனால் தாய்லாந்தில் முதலில் கடல் உள்வாங்கியது, பிறகு அலை. நம் பக்கம் முதலில் வந்ததே அலை. இன்னொன்று: சுமத்ராவிலிருந்து தாய்லாந்துக் கரை மிகவும் கிட்டத்தில், தமிழ்நாடு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். இருந்தும் அலை அங்கே போய்ச் சேர ஏறக்குறைய இரண்டு மணி நேரம், இங்கே இரண்டரை. சுனாமியின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது. வங்கக்கடல் ஆழம், அலை பறந்து வந்தது. தாய்லாந்தை ஒட்டிய அந்தமான் கடல் ஆழம் குறைவு, அங்கே தவழ்ந்தது.

அதனால் போய் இறங்கிய அன்றைக்கே மலைமேல் உள்ள வியூபாயின்டுக்கு ஏறு. வெயில் ஏறுமுன் போ, படிகள் மூச்சுவாங்கும். மேலே நின்றால் இரண்டு நீலத்துக்கும் நடுவில் அந்த ஒல்லி மணல்பட்டை முழுசாகத் தெரியும். சுனாமி எச்சரிக்கைப் பலகைகளின் அம்புக்குறிகள் மேட்டைக் காட்டுவது ஏன் என்றும் அப்போது விளங்கும். சுனாமிக்குப் பிறகு டென்மார்க் உதவியோடு ஊர் நடுவில் ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தோட்டம் அமைத்தார்கள். கல்வாழையும் ஹெலிகோனியாவும் நட்ட பாத்திகள், மேலிருந்து பார்த்தால் பூவில் உட்கார வரும் வண்ணத்துப்பூச்சியின் வடிவம். எந்தப் பயண வழிகாட்டியும் உங்களை அங்கே கூட்டிப் போகமாட்டார். எனக்கோ, குப்பையும் சாக்கடையும் எங்கே போகின்றன என்று கேட்காமல் ஒரு தீவைப் பார்த்ததாகவே தோன்றாது.

நேரம் இருந்தால் கரையில் கிராபிப் பக்கம் குளோங் தோம் என்ற ஊர் இருக்கிறது. அங்கே பௌத்த விகாரை அருங்காட்சியகத்தில், தமிழ் பிராமி எழுத்தில் தமிழ் பொறித்த ஓர் உரைகல் உண்டு. பெரும்பதன் என்ற பொற்கொல்லருடையது, கி.பி. 3, 4-ம் நூற்றாண்டு என்கிறார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னக் கல்தான். உன் தோழிகள் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை, இழுத்துக்கொண்டு போ.

இனி உருப்படியான சங்கதிகள். மாயாவை ஆண்டுதோறும் ஆகஸ்ட், செப்டம்பரில் மூடிவிடுகிறார்கள். மே முதல் அக்டோபர் வரை பருவக்காற்றில் படகுப் பயணமும் குமட்டும். டிசம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போவதுபோல் பார். சன்ஸ்கிரீன் வாங்கும்போது அட்டையைப் படி: ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் இருந்தால் வேண்டாம். பவளத்துக்குக் கெடுதல் என்று 2021-லிருந்து அங்கே கடல்சார் தேசியப் பூங்காக்களில் அவற்றுக்குத் தடை. அபராதம் ஒரு லட்சம் பாட் வரை. முழுக்கை நீச்சல் சட்டை இருந்தால் தொல்லையே இல்லை. நீளவால் படகில் ஏறும்போது முகப்பில் வண்ணத் துணியும் பூமாலையும் கட்டியிருக்கும். அது படகைக் காக்கும் தேவதை மே யா நாங்குக்குக் கட்டியது. அதன்மேல் காலை வைத்து ஏறாதே.

லோ டாலத்தில் வற்றம் அதிகம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் இறங்கினால் வெகுதூரம் சேறும் மணலுமாகக் கிடக்கும்; படகும் வராது, நீந்தவும் முடியாது. உங்கள் தேதியை முடிவு செய்ததும் டிக்கெட் போடுமுன் எனக்கு ஒரு வாட்ஸ்அப் அனுப்பு. பஞ்சாங்கம் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அத்தை