மெர்போக் ஆறு கற்பிக்கும் பாடம்



ஆற்றங்கரைகளிலேதான் நாகரிகம் வளர்ந்தது என்று வரலாற்றுப் பாடத்தில் படிக்கின்றோம். நைல், சிந்து, காவிரி எனத் தொலைவிலுள்ள ஆறுகளின் பெயர்களை மனப்பாடம் செய்கின்றோம். ஆயின் சுங்கைப் பட்டாணி, பீடோங், செமெலிங் வட்டாரத் தோட்டங்களில் வாழும் நம்மிற் பலர், அண்மையிலே ஓடும் மெர்போக் ஆற்றைச் சாலையிலிருந்து எட்டிப் பார்த்ததோடு நின்றுவிட்டோம்.

இந்தியாவின் அசாம் மாநிலத்தில் பிரம்மபுத்திரா நதியிற் படகேறி, கரையோரச் சிற்றூர்களையும் காசிரங்கா வனத்தின் ஒற்றைக்கொம்புக் காண்டாமிருகங்களையும் காண்பதற்குப் பல நாட்டு மக்கள் செல்கின்றனர். காடு, மக்கள் வாழ்க்கை, பழம்பெரும் வரலாறு ஆகிய மூன்றையும் ஒரே பகற்பொழுதிற் காட்டவல்ல ஆறு நம் கெடா மாநிலத்திலும் உண்டு. அவ்வாற்றில் ஒரு பயணம் செல்வோமாக.

படகுத்துறை

மெர்போக் ஆற்றுப் படகுப் பயணங்கள் செமெலிங் படகுத்துறையிலிருந்து புறப்படுகின்றன. படகில் அமருமுன் மிதவை அங்கியை இறுக அணிதல் வேண்டும். வடக்கே நிமிர்ந்து நோக்கின், 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலை தெரியும். கடலில் நெடுந்தொலைவு வரை தெரியும் இம்மலையே முற்காலக் கப்பலோட்டிகளுக்கு வழிகாட்டும் அடையாளமாக விளங்கியது. இங்குள்ள நீர் முற்றும் நன்னீரன்று. கடலின் ஏற்றவற்றம் ஆற்றினுள் நெடுந்தூரம் புகுவதால், உப்புநீரும் நன்னீரும் கலந்த கழிமுகமாக இது அமைந்துள்ளது.

கண்டற்காடு

படகு மேற்கு நோக்கிச் செல்லச் செல்ல, இருகரையிலும் அடர்ந்த பசுங்காடு தோன்றும். இதுவே மலாய்மொழியிற் பக்காவ் எனப்படும் கண்டற்காடு. தமிழ்நாட்டில் சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்திலும் இவ்வகைக் காடே உள்ளது. மெர்போக் கழிமுகத்தில் இது ஏறத்தாழ 4,000 எக்டேர் பரந்துள்ளது.

சேற்றிற் காற்றில்லை, நீரிலோ உப்புண்டு. அங்ஙனமாயின் மரம் எவ்வாறு உயிர்வாழ்கின்றது? சில மரங்கள் தண்டிலிருந்து வளைந்து இறங்கும் தாங்குவேர்களால் நிலைபெறுகின்றன. வேறு சில, சேற்றினின்று எழுதுகோல்களைப் போல் மேல்நோக்கி எழும் மூச்சுவேர்களால் காற்றைப் பெறுகின்றன. தாய்மரத்தில் தொங்கும்போதே முளைவிட்டுப் பின்னர் நீரில் விழுந்து, மிதந்து சென்று, சேறு கண்ட இடத்தில் ஊன்றிக்கொள்ளும் விதைகளும் உண்டு.

நீர் வற்றும் வேளையில் சேற்றின் மீது துடுப்பையே கால்போல் ஊன்றித் தாவும் சிறு மீன்களைக் காணலாம். இவற்றை மலாய்க்காரர் தெம்பாகுல் என்பர். ஒரு கொடுக்கு மட்டும் பருத்த ஆண் நண்டுகள் அதனை உயர்த்தி அசைத்துத் தம் இனத்தை அழைக்கும். மரக்கிளைகளில் நீள்வாற் குரங்குகளும், கரையில் உடும்புகளும், நீர்மேல் மீன்கொத்திகளும், வானில் செம்பருந்துகளும் காணப்படும். குரங்குகளுக்குத் தின்பண்டம் எறிதல் கூடாது. அவற்றின் உணவைக் காடே அளிக்கின்றது.

இக்காடு அழகுக்கு மட்டும் உரியதன்று. மீன், இறால், நண்டு ஆகியவற்றின் குஞ்சுகள் இவ்வேர்களின் இடையேதான் ஒளிந்து வளர்கின்றன. கரை அரிக்கப்படாமல் காப்பதும் இவ்வேர்களே. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கெடாவின் கோத்தா கோல மூடாக் கடற்கரையைத் தாக்கி உயிர்களைப் பலிகொண்டது. கரையோரக் கண்டற்காடுகள் அலையின் வேகத்தைத் தணிக்கும் என்னும் உண்மையை அத்துயரத்துக்குப் பின்னரே பலரும் உணர்ந்தனர்.

கரையோர மக்கள்

ஆற்றின் ஓரங்களில் மிதக்கும் வலைக்கூண்டுகள் தென்படும். கொடுவா மீனை, மலாய்மொழியில் சியாக்காப் எனப்படுவதனை, இவற்றில் வளர்க்கின்றனர். ஆறு கடலிற் கலக்கும் இடத்திலுள்ள தஞ்சோங் டாவாய் கருவாட்டுக்கும் நெத்திலிக்கும் பெயர்பெற்ற மீனவர் சிற்றூராகும். ஏற்றவற்றம் பார்த்துக் கடலுக்குச் செல்லும் அம்மக்களின் உழைப்பும், விடியுமுன் பால்வெட்டச் சென்ற நம் பெற்றோரின் உழைப்பும் ஒன்றுக்கொன்று குறைந்தனவல்ல. தோட்டத்து லயங்களுக்கு முன்னாளில் வேயப்பட்ட அத்தாப்புக் கூரையும் இத்தகைய சதுப்பு நிலத்து நிப்பா மரத்தின் ஓலையினால் ஆனதே. ஆற்றங்கரைக் கம்பத்துக்கும் தோட்டத்துக்கும் அன்றே தொடர்பு இருந்தது என்பதனை இது காட்டுகின்றது.

கடாரம்

ஆற்றின் வடகரையில் பூஜாங் ஆறு வந்து கலக்கின்றது. அதன் கரையிலுள்ள பெங்காலான் பூஜாங் என்னுமிடத்தில் சீனப் பீங்கான் துண்டுகளும், மத்தியக் கிழக்கிலிருந்து வந்த கண்ணாடித் துண்டுகளும், மணிகளும் ஏராளமாகக் கிடைத்தன. அவை எங்ஙனம் இங்கு வந்தன?

அக்காலக் கப்பல்கள் காற்றையே நம்பியவை. தென்மேற்குப் பருவக்காற்று இந்தியாவிலிருந்து கப்பல்களை இங்குக் கொணரும். வடகிழக்குப் பருவக்காற்று மீண்டும் கொண்டு செல்லும். காற்று மாறும்வரை வணிகர் தங்குவதற்கு மெர்போக் கழிமுகம் ஏற்ற துறையாயிற்று. சங்க நூலாகிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த பண்டங்களுள் காழகத்துப் பொருளையும் குறிப்பிடுகின்றது. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதனைக் கடாரம் என்பர். கடாரம் என்பது நம் கெடாவே என்பது வரலாற்றறிஞர் கருத்து. 7ஆம் நூற்றாண்டில் சீனத் துறவி இட்சிங் இவ்வழியே இந்தியாவுக்குக் கப்பலேறினார்.

செமெலிங்குக்கு அருகிலுள்ள சுங்கை பத்துவில், செம்பனைகளுக்கிடையே, மலேசிய அறிவியற் பல்கலைக்கழகத்தினர் 2009ஆம் ஆண்டு தொடங்கி அகழாய்வு நடத்தினர். இரும்பு உருக்கிய உலைகளும், துருத்தியின் களிமண் குழாய்களும், செங்கல்லாலான படகுத்துறைகளும் வெளிப்பட்டன. இங்கு வாழ்ந்த மக்கள் வந்தோர்க்கு இடமளித்ததோடு நில்லாமல், தாமே இரும்பு செய்து விற்ற தொழில்வல்லவர்கள் என்பது இதனால் விளங்கும்.

ஜெராய் மலையடிவாரத்தில் புக்கிட் பத்து பாகாட் என்னும் சிவன் கோயிலின் கற்றளம் உள்ளது. 1936, 1937ஆம் ஆண்டுகளில் குவாரிச் வேல்ஸ் இப்பகுதியின் பல இடங்களை அகழ்ந்தார். பின்னர் அலஸ்டர் லாம்ப் இக்கோயிலைச் சீரமைத்தார். அதன் அருகே 1980இல் தொல்பொருள் காட்சியகம் திறக்கப்பட்டது. படகுப் பயணத்தோடு இதனையும் காணுதல் நலம்.

இவ்விடத்தில் ஓர் உண்மையை நாம் நடுநிலையோடு அறிதல் வேண்டும். "இவையனைத்தும் சோழர் கட்டியவை" என்று பெருமை பேசுவோர் உளர். அது சரியன்று. இங்குச் சிவன் கோயில்களும் உள்ளன. பௌத்த விகாரைகளும் உள்ளன. அவற்றுட் பல சோழர் வருகைக்கு முற்பட்டவை. இராசேந்திர சோழன் ஏறத்தாழ 1025ஆம் ஆண்டில் கடாரத்தின் மீது தொடுத்தது போர். அதற்கு முன்னரே, அவன் தந்தை இராசராசன் காலத்தில், கடாரத்தரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரத்தை எடுப்பித்தான். சோழமன்னன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அதற்கு வழங்கினான். லெய்டன் செப்பேடுகள் எனப்படுபவை இச்செய்தியைக் கூறுகின்றன. போரினால் வந்த புகழைவிட இந்தக் கொடுக்கல் வாங்கலே நாம் போற்றத்தக்க உறவு.

இழந்ததும் காக்க வேண்டியதும்

2013ஆம் ஆண்டில் சுங்கை பத்துத் தோட்டப் பகுதியிலிருந்த 11ஆம் எண் சண்டி, நிலத்தைச் சமன்செய்த இயந்திரங்களால் இடிக்கப்பட்ட செய்தி வெளியாயிற்று. ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டுப் பழமையுடையதெனக் கூறப்பட்ட சின்னம் அது. தனியார் நிலத்தில் இருந்தது. பாதுகாக்கப்பட்ட இடமென்று அரசிதழில் அறிவிக்கப்படவுமில்லை. ஆயிரம் மழைக்காலங்களைத் தாங்கிய செங்கற்கள் மண்ணோடு மண்ணாயின.

தோட்டத்துப் பெற்றோர்களே! தோட்டங்கள் விற்கப்பட்டுத் துண்டாடப்படும் காலம் இது. வடிகால் வெட்டும்போதும், கன்று நடும்போதும், மண்ணை முதலிற் காண்பவை உழைக்கும் கைகளே. அகலமான பழஞ்செங்கல், துளையிட்ட மணி, வண்ணப் பீங்கான், கனத்த இரும்புக் கசடு ஆகியவை கண்ணிற் படுமாயின், அவற்றைப் பெயர்த்தெடுத்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டா. இருந்த இடத்திலேயே விட்டு, பள்ளிக்கோ தொல்பொருள் காட்சியகத்துக்கோ தெரிவியுங்கள். கிடந்த இடத்தை விட்டுப் பெயர்த்த பொருள், தன் வரலாற்றைச் சொல்லும் ஆற்றலிற் பெரும்பகுதியை இழந்துவிடும்.

மாணவர்களே! அறியாத பொருளை எவரும் காவார். கண்டற்காட்டை அறிந்தவன் அதனை வெட்டத் தயங்குவான். செங்கல்லின் வயதை அறிந்தவன் அதனை மிதிக்கத் தயங்குவான். இந்த மண்ணுக்கு நாம் நேற்று வந்தோர் அல்லர். நமக்கு மட்டுமே உரிய மண்ணும் இஃதன்று. பலரும் வந்து, வாழ்ந்து, விட்டுச்சென்ற செல்வத்தைப் பிறரோடு சேர்ந்து காக்கும் கடமை நமக்கும் உண்டு. அதனை அறிந்து கடைப்பிடிப்போமாக.

பயிற்சி வினாக்கள்

1. கண்டல் மரங்கள் காற்றில்லாச் சேற்றில் உயிர்வாழ்வது எங்ஙனம்?
2. பருவக்காற்றுக்கும் கடாரத்து வணிகத்துக்கும் உள்ள தொடர்பை விளக்குக.
3. பழம்பொருள் ஒன்றைக் கண்டால் நீவிர் செய்ய வேண்டுவன யாவை? செய்யத் தகாதன யாவை?
4. உங்கள் தோட்டத்தின் வழியே ஓடும் ஓடை எந்த ஆற்றிற் கலக்கின்றது? தாத்தா பாட்டியிடம் கேட்டு, அதன் பழைய நிலையையும் இன்றைய நிலையையும் பத்து வரிகளில் எழுதுக.