குழந்தை சொல்லாவிட்டாலும் உடம்பு சொல்லும்!

"அடிக்கடி வயித்து வலின்னு அழறா டாக்டர். ஸ்கூலுக்குப் போகவே மாட்டேங்கறா. பூச்சி மருந்து கொடுத்தாச்சு, மந்திரிச்சும் பார்த்தாச்சு..."

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் தாய்மார்கள் அடிக்கடி சொல்லும் புகார் இது. பெரும்பாலும் மலச்சிக்கலோ, கிருமியோதான் காரணமாக இருக்கும். ஆனால் மருந்துக்கும் தீராத வலிக்குப் பின்னால், குழந்தை வெளியே சொல்ல முடியாத கொடுமை ஏதாவது இருக்கலாம். அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

சித்த மருத்துவத்தில் நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எண்வகைத் தேர்வு உண்டு. அவற்றில் சிலவற்றைப் பெற்றோரே கவனிக்கலாம்.

நிறம்: விளையாடும் குழந்தைக்கு முழங்காலில், நெற்றியில் அடிபடுவது சகஜம். காது, கழுத்து, முதுகு, தொடை இவற்றில் கன்றிப்போயிருந்தாலோ, சூடு பட்ட தழும்பு இருந்தாலோ விசாரியுங்கள். தவழாத குழந்தைக்கு உடம்பில் எங்கே கன்றியிருந்தாலும் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

ஸ்பரிசம்: தொட்டாலே உடம்பைச் சுருக்கிக்கொள்வது, குறிப்பிட்ட ஒருவரைக் கண்டாலே நடுங்குவது.

மொழி, விழி: கலகலப்பாகப் பேசிய பிள்ளை ஊமையாகிவிடுவது, தூக்கத்தில் அலறுவது, முகம் பார்த்துப் பேசாதது.

மலம், மூத்திரம்: நின்றுபோன படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் திரும்ப வருவது, பிறப்புறுப்பில் வலி, ரத்தம்.

இதில் ஒன்றிரண்டு இருப்பதாலேயே முடிவு கட்டிவிடக் கூடாது. ஆனால் பொறுமையாகக் கேட்டே ஆக வேண்டும். ஆண் குழந்தைகளுக்கும் இது பொருந்தும்.

கவனிப்பின்மையும் கொடுமையே!

சிப்காட்டில் அப்பாவுக்கு ஒரு ஷிப்ட், அம்மாவுக்கு ஒரு ஷிப்ட் என்பது தப்பில்லை. பசித்த பிள்ளைக்குச் சாப்பாடு, நோய்க்கு வைத்தியம், கூடவே நம்பிக்கையான ஒரு பெரியவர், இவை இல்லாமல் விடுவதுதான் கவனிப்பின்மை. எடை ஏறாதது, தீராத சொறி சிரங்கு, போடாமல் விட்ட தடுப்பூசி, எப்போதும் பசி ஆகியவை இதன் அடையாளங்கள்.

பர்கூர் சொல்லும் பாடம்

2024 ஆகஸ்டில் பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம் என்ற பெயரில் மாணவிகள் தங்கவைக்கப்பட்டார்கள். அது உண்மையான என்.சி.சி. முகாமே இல்லை என்பது பிறகுதான் வெளிவந்தது. அங்கே 13 வயதுச் சிறுமி பாலியல் கொடுமைக்கு ஆளானாள். பள்ளியில் சொன்னபோது, வெளியே சொல்லாதே என்று அவளை அடக்கிவிட்டதாகப் போலீஸ் தரப்பு கூறியது. சில நாள் கழித்து உடம்பு முடியாமல் போனபோதுதான் பெற்றோருக்குத் தெரிந்தது. முகாமை நடத்தியவரோடு பள்ளி முதல்வர், தாளாளரும் கைதானார்கள்.

குழந்தை வாய் திறந்தால் என்ன செய்வது?

* பதறாதீர்கள், திட்டாதீர்கள். "நீ சொன்னது நல்லது, உன்மேல தப்பில்லை" என்று சொல்லுங்கள். துருவித் துருவிக் கேட்க வேண்டாம்.

* பாலியல் கொடுமை என்றால் பரிசோதனைக்கு முன் குளிப்பாட்டாதீர்கள். அப்போது போட்டிருந்த உடையைத் துவைக்காமல் பேப்பர் பையில் வையுங்கள். உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நோய்த்தொற்றைத் தடுக்கும் சில மருந்துகளை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும். சித்த வைத்தியனான நானே சொல்கிறேன், இது கஷாயத்துக்கான நேரமில்லை. போலீஸ் கடிதம் இல்லாமலேயே சிகிச்சை தர வேண்டும்.

* 1098-க்குப் போன் செய்யுங்கள். இரவு பகல் எந்நேரமும் இலவசம். கர்நாடகத்திலும் இதே எண்தான்.

* சம்பவம் எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் நடந்திருந்தாலும், ஓசூர் போலீஸ் நிலையத்தில் புகாரைப் பதிவு செய்தாக வேண்டும். "அங்கே போங்க" என்று திருப்பி அனுப்பக் கூடாது.

2012-ம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தும் மறைப்பது குற்றம். பள்ளி நிர்வாகிக்கும், வைத்தியருக்கும், பக்கத்து வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும். "ஊர் என்ன சொல்லும்?" என்ற பயம் வேண்டாம். குழந்தையின் பெயரையோ, படத்தையோ, பள்ளியையோ பத்திரிகைகள் வெளியிடச் சட்டம் அனுமதிப்பதில்லை.

இன்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் டி.வி.யை அணைத்துவிட்டு, பிள்ளையிடம் பத்து நிமிஷம் பேச்சுக் கொடுங்கள். மார்க்கைப் பற்றிக் கேட்க வேண்டாம். "இன்னிக்கு யார் யாரோட இருந்தே?" என்று மட்டும் கேளுங்கள்.